ஆறு பேர் சேர்ந்து வைத்த பெயரை ஒருவர் மட்டும் பதிவு செய்யலாமா?

கேள்வி: மேடம், வணக்கம். கப்பலூர் சிட்கோவில் சின்ன யூனிட் நடத்துகிறேன். போர்வெல் மோட்டாரை மொபைலிலிருந்து போடவும் நிறுத்தவும் உதவும் ஸ்டார்ட்டர் செய்கிறோம். திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் பக்கம் இன்னும் ஐந்து பேர் இதே தொழிலில் இருக்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆறு பேரும் உட்கார்ந்து பேசி, ஒருவருடைய பேனலோடு இன்னொருவருடைய வாட்டர் லெவல் சென்சாரும் டைமரும் ஒத்து வேலை செய்யும்படி ஒரு பொது முறையை எழுதினோம். அதற்கு ஒரு பெயரும் வைத்தோம். இப்போது விவசாயிகள் கடையில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். போன மாதம் எங்களில் ஒருவர் அந்தப் பெயரைத் தன் கம்பெனிக்கு டிரேட்மார்க்காகக் கேட்டு மனு போட்டுவிட்டார். மற்ற ஐந்து பேருக்கும் 'இனி இதைப் போடக் கூடாது' என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஸ்டிக்கர், பெட்டி எல்லாம் அடித்து வைத்திருக்கிறோம். ஆறு பேர் பெயரிலும் சேர்த்துப் பதிவு செய்ய முடியுமா? மதுரை மல்லிக்கு வாங்கியது போலப் புவிசார் குறியீடு வாங்கினால் தீருமா?

பதில்: வணக்கம் ஐயா. விவகாரம் நிலுவையில் இருப்பதால் நீங்கள் ஆறு பேரும் வைத்த பெயரை இங்கே எழுதவில்லை. 'ஊற்று' என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் உங்கள் பயத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறேன். மனு போட்டதாலேயே பெயர் அவருடையது ஆகிவிடாது. பதிவாகாத குறியை மீறிவிட்டார்கள் என்று வழக்குப் போட முடியாது. 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் (டிரேட்மார்க்) சட்டத்தின் 27ஆவது பிரிவு அதற்கு இடம் தரவில்லை. ஆனால் ஒருவர் தன் சரக்கை இன்னொருவர் சரக்கு போலக் காட்டி விற்றால் பதிவு இல்லாமலும் வழக்கு உண்டு. கோர்ட்டில் இதை 'பாஸிங் ஆஃப்' என்போம். அதில் ஜெயிக்க வேண்டுமென்றால், 'ஊற்று என்று கேட்கிற விவசாயி என் கம்பெனியை நினைத்துத்தான் கேட்கிறார்' என்று அவர் காட்ட வேண்டும். ஆறு பேர் பெட்டியிலும் மூன்று வருஷம் ஓடிய பெயருக்கு அதைக் காட்டுவது லேசான காரியம் இல்லை.

மீதிப் பாதி பயம் இருக்கட்டும், அது நல்லது. பதிவு கிடைத்துவிட்டால் அது மனு போட்ட தேதியிலிருந்தே செல்லும். பழைய பயன்பாட்டைக் காக்கும் 34ஆவது பிரிவு இருக்கிறதே என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். அந்தப் பிரிவில் தப்பிக்க, அவருக்கு முன்பே நீங்கள் பயன்படுத்தியிருக்க வேண்டும். ஆறு பேரும் ஒரே நாளில் ஆரம்பித்தால் யார் முந்தினவர்? அதை மட்டும் நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

அவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கெட்ட எண்ணத்தில்தான் செய்தார் என்று நான் முடிவு கட்டவில்லை. 'யாரோ வெளியூர்க்காரன் பதிவு செய்துவிட்டால்?' என்ற பயத்தில் முந்திக்கொள்கிறவர்கள் உண்டு. அந்தப் பயம் நியாயமானதும்கூட. லினக்ஸ் என்ற கம்ப்யூட்டர் இயங்குதளத்தின் பெயரையே அமெரிக்காவில், அதை உருவாக்கியவரோடு சம்பந்தமில்லாத ஒருவர் 1994இல் தனக்குக் கேட்டு மனு போட்டுப் பதிவும் வாங்கிவிட்டார். தகராறாகி, 1997இல்தான் அது, உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பெயருக்கு எழுதித் தரப்பட்டது. ஆனால் முந்திக்கொண்ட கையோடு கூட்டாளிகளுக்கே நோட்டீஸ் விட்டதுதான் உங்கள் ஆள் செய்த தப்பு.

சரி, அவர் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த நோட்டீஸ் இல்லை. 'ஊற்று' என்ற ஒரே சொல்லுக்கு நீங்கள் இரண்டு வேலை கொடுத்திருக்கிறீர்கள். ஒயரில் எந்த சிக்னல் எப்போது போகும் என்று எழுதி வைத்தீர்களே, அந்த முறைக்கும் அதுதான் பெயர். பெட்டியில் ஒட்டி விற்கும் சரக்குக்கும் அதுதான் பெயர். முறையின் பெயர் எல்லோர் வாயிலும் புழங்கினால்தான் அந்த முறைக்கு வாழ்வு. டிரேட்மார்க்குக்கோ ஒரே இடத்தைச் சுட்டினால்தான் உயிர். எல்லோரும் புழங்கப் புழங்க அது நீர்த்துப்போகும். அந்த ஒருவர் மனு போடாமல் இருந்திருந்தாலும் இந்தச் சிக்கல் ஒருநாள் வந்தே இருக்கும்.

இதற்கான விடை நீங்கள் தினமும் பார்க்கிற இடத்தில்தான் இருக்கிறது. சப்மெர்சிபிள் பம்ப்செட்டுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 8034. அது வெறும் எண். அதை யாரும் சொல்லலாம், படிக்கலாம், அதன்படி பம்ப் செய்து பார்க்கலாம். ஆனால் பம்பின் மேல் ஐஎஸ்ஐ முத்திரை குத்த வேண்டுமென்றால் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்ஸிடம் உரிமம் வாங்கியாக வேண்டும். புத்தகத்துக்கு ஒரு பெயர், முத்திரைக்கு வேறு பெயர். முத்திரையை வைத்திருப்பவர் பம்ப் விற்பதில்லை. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் நான் இனி சொல்லப்போவது எல்லாம் எளிதாகப் புரியும்.

பெரிய பெரிய கம்பெனிகளே இதில் முட்டி மோதித்தான் கற்றுக்கொண்டன. நம் மாவட்ட நீதிமன்ற வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைகளைப் பாருங்கள். அங்கே நிற்கிற மெஷின் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் எடுப்பது ஜெராக்ஸ்தான். இப்படிப் பொதுச்சொல்லாகிவிட்ட கம்பெனிப் பெயருக்குப் பதிவு எதற்கு, நீக்குங்கள் என்று கேட்டு இந்தியாவில் ஒரு மனுவே போடப்பட்டது. அப்போது இருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2012இல் அதை ஏற்கவில்லை. தன் பெயரை அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய அதே கம்பெனி இன்னொரு பெயரைத் தானாகவே விட்டுக்கொடுத்தது. அது ஈதர்நெட், கம்ப்யூட்டர்களை ஒயரால் இணைக்கும் முறை. 1973இல் ஜெராக்ஸின் ஆய்வகத்தில் பிறந்தது அது. 1980இல் டிஜிட்டல், இன்டெல் என்ற இரண்டு கம்பெனிகளையும் சேர்த்துக்கொண்டு பொது முறையாக வெளியிட்டார்கள். ஊரெல்லாம் பயன்படுத்த வேண்டிய முறைக்கு ஒரு கம்பெனியின் டிரேட்மார்க் பெயராக இருந்தால் போட்டிக் கம்பெனிக்காரன் ஏன் வருவான்? ஜெராக்ஸ் அந்த உரிமையைக் கைவிட்டது. அப்படியும், தொழில்நுட்பத் தரங்களை எழுதும் பொறியாளர்களின் அமைப்பான ஐஇஇஇ அதை 802.3 என்ற எண்ணில் தரமாக்கியபோது தலைப்பில் ஈதர்நெட் என்ற சொல் இல்லை. ஒயரில் போக்குவரத்து எப்படி மோதாமல் போகிறது என்ற விவரத்தையே நீளமான தலைப்பாக வைத்தார்கள். வாயில் நுழையாத அந்தத் தலைப்பை யாரும் சொல்லவில்லை, எல்லோரும் ஈதர்நெட் என்றே சொன்னார்கள். 2012 பதிப்பில்தான் அந்தச் சொல் தலைப்பில் ஏறியது.

நீங்கள் சர்க்யூட் போர்டு போடுகிறவர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். சிப்புகள் ஒன்றோடொன்று பேச பிலிப்ஸ் கண்டுபிடித்த ஐ-ஸ்கொயர்-சி இரண்டு ஒயர் இணைப்பு உங்களுக்குத் தெரியும். ஏட்மெல் என்ற வேறு கம்பெனியின் சிப் விவரத்தாளில் அதே இணைப்பை 'டி.டபிள்யூ.ஐ' என்று போட்டிருப்பார்கள். வேலை ஒன்றுதான். பெயர் பிலிப்ஸுடையது என்பதால் இவர்கள் 'இரண்டு ஒயர் இணைப்பு' என்று தங்கள் பாஷையில் எழுதிக்கொண்டார்கள். இதில் உங்களுக்கு ஒரு ஆறுதல் இருக்கிறது: டிரேட்மார்க் பெயரைத்தான் கட்டும், முறையைக் கட்டாது. நாளைக்கே அவருக்குப் பதிவு கிடைத்தாலும், உங்கள் பேனல் அதே சிக்னலை அதே வரிசையில் அனுப்புவதை டிரேட்மார்க்கைக் காட்டி யாரும் நிறுத்த முடியாது. முறைக்கு யாராவது பேடன்ட் வாங்கியிருந்தால் கதை வேறு. எழுதிய கையேட்டின் வாசகத்துக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) இருக்கும், அதுவும் வேறு கதை.

'அப்படியானால் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்கிறோம்' என்று கிளம்பிவிடாதீர்கள். பழைய ஹேண்டிகேமில் கல்யாண வீடியோ எடுத்து எடிட்டிங் செய்த ஸ்டுடியோக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். டேப்பிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்ற ஒரு கேபிள் வேண்டும். ஆப்பிள் அதை ஃபயர்வயர் என்றது, சோனி ஐ.லிங்க் என்றது, தரப் புத்தகத்தில் அது ஐஇஇஇ 1394. மூன்றும் ஒன்று என்று தெரியாமல் வேறு கார்டு வாங்கி வந்து திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. உங்கள் விவசாயியை அந்த நிலைக்குத் தள்ளினால் மூன்று வருஷ உழைப்பும் வீண்.

இதைச் சரியாகச் செய்தவர்கள் வைஃபைக்காரர்கள் என்பது என் கட்சி. முறையை எழுதுவது ஐஇஇஇ, அதன் பெயர் 802.11. அந்த எண்ணைச் சொல்லி வீட்டுக்கு ரவுட்டர் விற்க முடியாது என்று தெரிந்து, 1999இல் கம்பெனிகள் சேர்ந்து ஒரு தனி அமைப்பு வைத்தன. அந்த அமைப்பு 'வைஃபை' என்ற பெயரைக் காசு கொடுத்து ஒரு பெயர் வைக்கும் நிறுவனத்திடம் செய்து வாங்கியது. அந்தச் சொல்லுக்கு விரிவு என்று எதுவும் கிடையாது, சும்மா புனைந்த சொல். சோதனையில் தேறிய கருவிக்கே அவர்களுடைய சான்று முத்திரை. 802.11ஏஎக்ஸ் என்று இருந்ததை 2018இல் 'வைஃபை 6' என்று கடைக்காரருக்கும் புரியும்படி மாற்றியதும் அவர்கள்தான்.

இனி உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். ஆறு பேர் பெயரில் கூட்டாகப் பதிவு செய்ய முடியுமா? 24ஆவது பிரிவு கூட்டு உரிமையை அனுமதிக்கிறது. ஆனால் தனித்தனியாக அவரவர் சரக்குக்கு அவரவர் இஷ்டப்படி போட்டுக்கொள்கிறவர்களுக்கு அது இல்லை. உரிமையாளர் எல்லோர் சார்பிலும் பயன்படுத்த வேண்டும், அல்லது எல்லோருக்கும் தொடர்புள்ள சரக்காக இருக்க வேண்டும். நீங்கள் ஆறு பேரும் ஒரே கடையில் போட்டி போட்டு விற்கிறவர்கள். அந்தச் சட்டை உங்கள் உடம்புக்குப் பொருந்தாது.

உங்களுக்குப் பொருந்துவது இரண்டு. ஒன்று, கூட்டமைப்புக் குறி. ஒரு சங்கம் சொந்தக்காரராக இருக்கும், உறுப்பினர்கள் பயன்படுத்துவார்கள். பார்ட்னர்ஷிப் வைத்து இதை வாங்க முடியாது என்று சட்டமே சொல்லிவிட்டது, சங்கமாகப் பதிவு செய்ய வேண்டும். இதன் குறை, அது 'இவர் எங்கள் ஆள்' என்று மட்டும்தான் சொல்லும். இன்னொன்று சான்றுக் குறி. அது 'இந்தச் சரக்கு சோதனையில் தேறியது' என்று சொல்லும். உங்கள் காரியத்துக்கு இதுதான் சரி. மேலூர்க்காரர் பேனலில் உசிலம்பட்டிக்காரர் சென்சார் பேசுமா என்பதுதானே விவசாயிக்குத் தெரிய வேண்டியது? யார் எந்தச் சங்கத்தில் இருக்கிறார் என்பது அவருக்கு எதற்கு?

சான்றுக் குறியில் ஒரு நிபந்தனை உண்டு, உங்கள் வழக்கின் முடிச்சே அதில்தான் இருக்கிறது. 70ஆவது பிரிவின்படி, சான்று தரப்படும் வகைச் சரக்கை வியாபாரம் செய்கிறவர் பெயரில் சான்றுக் குறியைப் பதிவு செய்ய முடியாது. அதாவது ஸ்டார்ட்டர் விற்கிற ஆறு பேரில் ஒருவரும் அதற்குச் சொந்தக்காரர் ஆக முடியாது. நோட்டீஸ் விட்டவரும் முடியாது, நீங்களும் முடியாது. மடீட்சியா போன்ற ஒரு தொழில் அமைப்போ, சோதனைக்கூடம் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியோ, இதற்கென்றே நீங்கள் தொடங்கும் லாப நோக்கமில்லாத ஒரு கம்பெனியோ வைத்துக்கொள்ளலாம். தனி அமைப்பு தொடங்கினால் அது ஒரு சென்சார்கூட விற்கக் கூடாது. எனக்குக் கல்லூரி வழிதான் பிடிக்கும், சோதனை செய்யும் மேஜையும் மீட்டரும் அங்கே ஏற்கெனவே இருக்கும்.

மனுவோடு விதிமுறைகளையும் தாக்கல் செய்ய வேண்டும்: யார் சான்று கேட்கலாம், என்ன சோதனை, தேறாவிட்டால் எங்கே முறையிடுவது என்றெல்லாம். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஏழாவதாக ஒருவர் திண்டுக்கல்லிலிருந்து வந்து சோதனையில் தேறினால் அவருக்கும் கொடுக்கத்தான் வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். ஆறு பேர் மட்டும் என்று கதவை அடைத்தால் அது தரம் என்ற பெயருக்குப் பொருந்தாது, வெறும் கூட்டணிதான்.

புவிசார் குறியீடு வேண்டாம், அது இதற்கு வேலை செய்யாது. மதுரை மல்லிக்கு 2013இல் அது கிடைத்தது, அந்தப் பூவின் குணம் இந்த மண்ணோடு சேர்ந்தது என்பதால். உங்கள் சிக்னல் முறை கோயம்புத்தூரில் போட்டாலும் அப்படியேதான் ஓடும்.

முறைக்கு என்ன பெயர் வைப்பது? இங்கே பலரும் தலைகீழாக யோசிக்கிறார்கள். முறைக்குக் கவர்ச்சியான பெயர் வைக்காதீர்கள். எவரும் தனக்கென்று பதிவு செய்ய முடியாத அளவுக்கு மொட்டையான பெயராக இருக்கட்டும். தமிழ்99 விசைப்பலகையை நினைத்துப் பாருங்கள். மொழியின் பெயர், வந்த வருஷம், அவ்வளவுதான். கால் நூற்றாண்டு தாண்டியும் அது எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை. இன்னொரு பக்கம் நம் டிடிபி கடைகளில் 'பாமினியில் அடித்துக் கொடுங்கள்' என்கிறோம். அது ஒரு எழுத்துருவின் பெயர், அதுவே எழுத்துக் குறியேற்ற முறைக்கும் பெயராகி ஒட்டிக்கொண்டது. 'பம்ப் ஸ்டார்ட்டர் இணைப்பு முறை, பதிப்பு 1' என்று உங்கள் முறைக்கு வைத்தால் போதும். வெறும் விவரிப்பாக இருக்கும் சொல்லை 9ஆவது பிரிவு பதிவு செய்ய விடாது. சாதாரணமாக அது எங்கள் கட்சிக்காரர்களுக்குத் தலைவலி, உங்களுக்கு அதுவே பாதுகாப்பு. 'ஐஎஸ்' என்று தொடங்கும் எண் மட்டும் வைக்காதீர்கள், பி.ஐ.எஸ் சும்மா விடாது. சான்று முத்திரைக்குத்தான் புனைந்த, தனித்துவமான சொல் வேண்டும். 'ஊற்று' நல்ல சொல், ஸ்டார்ட்டருக்கு அது நேரடி விவரிப்பும் இல்லை. அதை முத்திரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முதலில் அந்த மனுவைத் தாண்டியாக வேண்டும்.

அங்கே என் ஆலோசனை, முதலில் பேசுங்கள் என்பதுதான். நான் ஜூனியராக இருந்த காலத்தில் ஒரே பெயரில் சரக்கு போட்ட நாலு பாத்திரப் பட்டறைக்காரர்கள் எங்கள் சீனியரிடம் வந்தார்கள். பேச மாட்டோம் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். வழக்கு முடிவதற்குள் பாத்திரக் கடைக்காரர்களே அந்தச் சரக்குக்கு வேறு பெயர் சொல்லப் பழகிவிட்டார்கள். நாலு பேருக்கும் தீர்ப்பு நகல்தான் மிச்சம். உங்கள் ஆளிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: மனுவை அந்த நடுநிலை அமைப்புக்கு எழுதிக் கொடுங்கள், அல்லது வாபஸ் வாங்குங்கள், செலவை ஆறு பேரும் பகிர்ந்துகொள்கிறோம். சான்றுக் குறிக்கு எப்படியும் தனி மனு போடுவதுதான் சுத்தம். ஆன்லைனில் போட்டால் தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. பங்கு போட்டால் பெரிய தொகை இல்லை.

ஒத்துவராவிட்டால் எதிர்ப்பு மனு. வணிகக் குறிகள் ஜர்னல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆன்லைனில் வரும். அவருடைய மனு அதில் விளம்பரமான நாளிலிருந்து 4 மாதம்தான் கெடு. ஒரு நாள் தவறினாலும் நீட்டித்துத் தர மாட்டார்கள். கட்டணம் ஆன்லைனில் வகுப்புக்கு 2,700 ரூபாய். சென்னை கிண்டி அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை. அதில் சொல்ல வேண்டியவை மூன்று: இது அவர் ஒருவருடைய குறி இல்லை, தொழிலில் எல்லோரும் வழக்கமாகப் புழங்கும் பெயர் ஆகிவிட்டது, ஆறு பேர் சேர்ந்து வைத்தது என்று தெரிந்தே கெட்ட நோக்கில் மனு போட்டார். உங்கள் எதிர்ப்பு கைக்குக் கிடைத்த 2 மாதத்துக்குள் அவர் பதில் தாக்கல் செய்யாவிட்டால் மனுவைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவது வாதத்தில் ஒரு கத்தி இருப்பதைக் கவனியுங்கள். 'எல்லோரும் புழங்கும் பொதுப்பெயர்' என்று நீங்கள் எவ்வளவு அழுத்திச் சொல்கிறீர்களோ, நாளைக்கு அதே பெயரில் சான்றுக் குறி கேட்கும்போது அது உங்கள் மேலேயே திரும்பும். 'ஊற்று' முத்திரையாக வேண்டும் என்றால் மற்ற இரண்டு வாதங்களைப் பிரதானமாக வையுங்கள். பெயரே வேண்டாம், யாருக்கும் இல்லாமல் போனால் சரி என்றால் இரண்டாவதைத் தூக்கிப் பிடிக்கலாம். எது என்பதை ஐந்து பேரும் முதலில் முடிவு செய்துவிட்டு வக்கீலிடம் போங்கள்.

நோட்டீஸுக்குப் பதில் போடாமல் விடாதீர்கள். பதிவு இல்லாத குறிக்கு உரிமை மீறல் என்று மிரட்ட முடியாது, பெயர் கூட்டாக வைக்கப்பட்டது என்று இரண்டு பத்தியில் எழுதினால் போதும். கோபம் வேண்டாம். அச்சடித்த பெட்டிகளைக் கிழிக்கவும் வேண்டாம், ஆனால் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' போட்டிருந்தால் அதை உடனே மறையுங்கள். பதிவாகாத குறிக்கு அதைப் போடுவது சட்டப்படி தப்பு. 'டிஎம்' போடலாம், ஆனால் இந்தச் சண்டை நடக்கும்போது அதையும் போடாமல் இருப்பதே மேல். ஒருவேளை பெயர் அவரிடமே போய்விட்டாலும், 'ஊற்று கருவிகளுடன் இணைந்து வேலை செய்யும்' என்று உள்ளதை உள்ளபடி சிறிய எழுத்தில் போட 30ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. அதைப் பெரிய எழுத்தில் போட்டு உங்கள் பிராண்டைச் சிறிதாக்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

கடைசியாக, ஆதாரம். முதல் கூட்டம் நடந்த தேதி, யார் யார் இருந்தார்கள், பெயரை யார் சொன்னார், மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்களா என்பதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் பேசியிருந்தால் அந்த போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். கோர்ட்டில் காட்ட அதற்கு உரிய சான்றிதழோடு கொடுக்க வேண்டியிருக்கும். ஆறு பேருடைய முதல் பில், முதல் விளம்பர நோட்டீஸ், விவசாயக் கண்காட்சியில் எடுத்த போட்டோ எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். டீக்கடையில் உட்கார்ந்து சிகரெட் அட்டையின் பின்னால் சிக்னல் வரிசையை எழுதியிருந்தால் அந்த அட்டையையும் எடுத்து வையுங்கள்.